கையக் குடு

பயப்படாதீங்க, இது துப்பாக்கி இல்லீங்க. தூண்டில். நீங்க பல்லடத்துல ஏறுனதுல இருந்து இந்தக் குழாயையே பாத்துட்டு வர்றீங்க, நானும் கவனிச்சுட்டுத்தான் இருக்கேன். சித்த ஜன்னல் பக்கம் நகந்தீங்கன்னா காலுக்கு நடுவுல நிறுத்திக்குவேன். ஆங், போதுமுங்க.

தூண்டில்னதும் மூங்கில் குச்சின்னு நெனைச்சுக்காதீங்க. மண்புழுவைக் குத்தி, தக்கையைக் கட்டி, தக்கை முங்குதா முங்குதான்னு நாளெல்லாம் குத்தவெச்சிருக்கறது மீன் புடிக்கறது இல்லீங்க. அது வேலையத்தவன் பொழப்பு. இது ஃப்ளை ராட். தூண்டில் முள்ளுல கோழி இறகு, பட்டு நூலு, ரப்பர் எல்லாம் வெச்சுக் கட்டி ஈ மாதிரி, தவளைக்குஞ்சு மாதிரி பொய்யா ஒண்ணு பண்ணுவோம். எடையே இருக்காது. அதைச் சாட்டை சொழட்டற மாதிரி வீசி, தண்ணி மேல பூ விழுந்தாப்பல எறக்கணும். மீனே ஏமாந்து வரணும். கனடாவுல பையன் வீட்டுக்குப் போயிருந்தப்ப நான் கத்துக்கிட்டது. கோயமுத்தூருக்கு இதைக் கொண்டாந்தவன் நான்தானுங்க. வேற யாராவது சொன்னா நம்பாதீங்க, முக்கியமா பல் டாக்டரம்மா சொன்னா.

என் பேரு அவிநாசியப்பன். மில்லுல ஸ்பின்னிங் மாஸ்டரா இருந்து ரிட்டையர் ஆனவன். அத்தனை பெரிய ஷெட்டுல எந்தக் கோடியில ஒரு நூல் அந்தாலும் இந்தக் கோடியில நிக்கற எனக்குத் தெரிஞ்சிரும். என் கண்ணுல படாம ஒண்ணு நடக்காதுங்க. அப்பிடி ஒரு கண்ணு. இதை எதுக்குச் சொல்றேன்னா, நாளைக்கு உங்ககிட்ட யாராவது வந்து அவிநாசியப்பன் கவனிக்கலை, பாக்கலைன்னு சொன்னா உங்களுக்கே தெரியணும்.

எங்களுக்கு ஒரு மன்றம் இருக்குங்க. கோவை மென்தூண்டில் மன்றம். பேரு நான் வெச்சது. பத்துப் பன்னெண்டு பேரு இருக்கோம். ஞாயித்துக்கிழமையானா ஏதாவது ஒரு குளம், ஒரு ஏரி. புழு கெடையாது, வலை கெடையாது, மெல்லிசு நூலு, பொய்ப்பூச்சி மட்டும். புடிச்ச மீனைத் திருப்பித் தண்ணியில விட்றணும், அதுதான் பெரிய விதி. திங்கறதுக்குப் புடிக்கறவன் வேற, நாங்க வேற. தலைவரு அந்தப் பல் டாக்டரம்மாதான், ஸ்டெல்லான்னு பேரு. அவங்க கிளினிக்குப் பின்னால இருக்கற ரூம்லதான் கூட்டம் நடக்கும். அங்க ஒரு பலகை மாட்டியிருக்கு. வருசா வருசம் யாரு பெரிய மீனைப் புடிச்சாங்களோ அவங்க பேரை அதுல எழுதுவாங்க, கேடயமும் குடுப்பாங்க.

அந்தப் பலகையில என் பேரு இல்லீங்க.

வருத்தமெல்லாம் இல்லை. ஆரம்பிச்சவன் பேரைத் தனியா எழுதணுமா என்ன? ஆனா நாச்சிமுத்து பேரு இருக்கு. அதுதான் கொஞ்சம்... நாச்சிமுத்து யாருன்னு சொல்லலையே. என் சிநேகிதன். பள்ளிக்கூடத்துல ஒரே பெஞ்சு. அப்பறம் ஒரே மில்லு, அவன் ஸ்டோர்ஸ்ல இருந்தான். அவனுக்கு இந்த ராடைப் புடிக்கக் கத்துக் குடுத்ததே நான். எங்கிட்ட இருந்த பழைய ராடை அவனுக்குன்னு தூக்கிக் குடுத்தேன். போன வருசத்துக்கு முந்தின வருசம், சூலூர் தாண்டி ஒரு குளத்துல, நூலைத் தலைக்கு மேல சிக்கடிச்சுட்டு அதை எடுத்துவிட்டுக்கிட்டு நிக்கறான், அப்ப வந்து ஒரு கட்லா மீனு மாட்டுதுங்க. வீசவே இல்லை. பூச்சி சும்மா காலடியில கெடந்துச்சு. அதுக்குக் கேடயம். கைதட்டு. நானும் தட்டுனேன். எல்லாருக்கும் முன்னால தட்டுனேன், அதை யாரும் எழுதி வெக்கலை.

சரி, விசயத்துக்கு வர்றேன். போன ஐப்பசியில மழை நல்லாப் பேஞ்சு எங்க பக்கம் செம்மாண்டாங்குளம் ரொம்பிருச்சு. ஒரு ஓரம் பூரா ஆகாயத்தாமரை. அதுக்கு அடியில விரால் கெடக்கும்னு எனக்குத் தெரியும். மத்தவங்க யாருக்கும் சொல்லலை. நாச்சியை மட்டும் கூட்டிக்கிட்டுப் போனேன். ஏன்னா மன்றத்து விதிப்படி மீனை விட்டர்றோம் பாருங்க, அதனால கூட ஒரு மெம்பர் நின்னு பாத்திருக்கணும். இல்லைன்னா போட்டோ வேணும். சாட்சி இல்லாத மீனு மீனே இல்லைம்பாங்க டாக்டரம்மா.

மதகு மேல நின்னு வீசுனேன். குறுகலான கட்டடமுங்க அது, முன்னால குளம், பின்னால தண்ணி அறுத்து அறுத்து ஆழமான பள்ளம். ரெண்டாவது வீச்சுலயே, தாமரை ஓரத்துல என் பொய்த்தவளை எறங்குது, தண்ணி அப்பிடியே பொளந்துக்குது. விரால். இந்த முழங்கை இருக்கு பாருங்க, இத்தனை நீளம். ராடு வில்லா வளையுது. நான் புடிச்சிருக்கறது நாலு பவுண்டு தாங்கற நூலு. இழுத்தா அந்துரும், விட்டா தாமரைக்குள்ள பூந்துரும். இந்த மாதிரி நேரத்துல மனுசனுக்கு ஒரே புத்தி வேணுமுங்க. ஆடாம அசையாம அது ஒண்ணுலயே இருக்கணும். அப்பிடி இருந்தேன்.

"நாச்சி, போனை எடு"ன்னேன். என் போன் அவன் சட்டைப் பையிலதான் இருந்துச்சு. என் சட்டை பூரா தூண்டில் முள்ளு குத்தி வெச்சிருப்பேன், போன் கீறிக்கும். அவன் எடுத்தான்.

"மீனும் நானும் சேந்து வரணும்"னேன்.

"மீனு இன்னும் தண்ணிக்குள்ள இருக்குதேப்பா"ன்னான்.

"அது வரும். என் தலை வெட்டுப்படாம எடு. பின்னால போ."

போனான்.

"இன்னும் போ. ராடு நுனி வரணும்."

"பின்னால கட்டடம் முடியுது, அவிநாசி."

"ரெண்டு எட்டு வெச்சா ஒண்ணும் ஆகாது, போ"ன்னேன்.

தொப்புன்னு ஒரு சத்தம். எனக்கு எப்பிடி இருந்துச்சு தெரியுங்களா, விரால் ஜோடியாத்தான் திரியும், அதோட ஜோடி பின்னால துள்ளுதுன்னு நெனைச்சேன். அடடா, இன்னிக்கு ரெண்டுன்னு மனசுக்குள்ள ஒரு சந்தோசம். அதே நேரத்துல நாச்சியோட குரல் வருது. "அவிநாசி, கையக் குடு. கையக் குடு, அவிநாசி."

நீங்களே சொல்லுங்க. ஒருத்தன் பெரிய மீனு ஒண்ணை மடக்கிக்கிட்டு நிக்கறான். அவனோட சிநேகிதன் பின்னால இருந்து கையக் குடுங்கறான். நீங்க என்ன நெனைப்பீங்க? பாராட்டறான்னுதான நெனைப்பீங்க? நானும் அதைத்தான் நெனைச்சேன். "இருடா, மீனு கரைக்கு வரட்டும், அப்பறம் குடுக்கறேன்"னேன். அவன் விடலை. கையக் குடு, கையக் குடுங்கறான். என்னடா இவன், மூணு தடவை நாலு தடவை பாராட்டறான்னு எனக்கே கூச்சமாப் போச்சு. கட்லாவுக்கு நான் ஒரு தடவைதான் கை குடுத்தேன்.

திரும்பியே பாக்கலைன்னு ஊருக்குள்ள சொல்றாங்க. அது பொய்யிங்க. ஒரு தடவை திரும்பிப் பாத்தேன். கண்ணு பூரா மீன்மேல இருந்தாலும் ஒரு தடவை பாத்தேன். தண்ணி மட்டத்துல அவன் தலை தெரிஞ்சுது. சரி, தண்ணிக்குள்ள எறங்கி நின்னு கீழ இருந்து எடுக்கறான், ஆங்கிள் பாக்கறான்னு நெனைச்சேன். இப்பெல்லாம் கல்யாணத்துல பாத்திருப்பீங்களே, போட்டோக்காரங்க தரையில படுத்துக்கிட்டு எடுக்கறாங்க. அந்த மாதிரி. ஒரு கையை வேற மேல தூக்கிக் காட்டுனான். நானும் தலையை ஆட்டுனேன்.

அப்பறம் அந்தப் பொண்ணு வந்து எல்லாத்தையும் கெடுத்துருச்சுங்க. செல்வநாயகின்னு பேரு, பின்னால தெரிஞ்சுது. ஆட்டுக்குத் தழை ஒடிக்க வந்திருக்கு. கையில தொரட்டி. நீளமான மூங்கில், நுனியில வளைஞ்ச கத்தி. கரையில இருந்து அது போட்ட சத்தம் இருக்கே, குளத்துல இருக்கற கொக்கெல்லாம் எந்திரிச்சுப் பறக்குது. "ஏனுங் பெரியவரே, ஆளு முங்கறாரு, நீங்க அங்க நின்னு பூச்சி புடிக்கறீங்களா?"

பூச்சின்னு சொல்லுச்சுங்க. விரால் மாட்டியிருக்கு, பூச்சிங்குது.

தடதடன்னு ஓடியாந்து, தொரட்டியை நீட்டி, நாச்சியோட சட்டைக் காலருக்குள்ள கொக்கியை மாட்டி, ஒரே இழுப்பு. சட்டை கிழிஞ்சுது, கழுத்துல கீறல் வேற. எங்க ஆட்டத்துல வாயில மாட்டாம உடம்புல மாட்டி இழுத்தா அது கணக்குலயே சேராதுங்க. அதைச் சொன்னா கோவிச்சுக்கறாங்க. அது கரை அதிர இழுத்த இழுப்புல இங்க என் விரால் மெரண்டு ஒரு உதறு உதறுச்சு.

இல்லீங்க, அந்து போகலை. யாரு சொன்னா? கைக்கு வந்துருச்சு. கைக்குன்னா கை எட்டற தூரத்துக்கு. நான் விட்றலாம்னு மனசுல நெனைச்சேன், அதே நொடி அதுவே நூலை அத்துக்கிட்டுப் போயிருச்சு. விதிப்படி விடத்தான வேணும்? விட்டாச்சு. ஒண்ணரை முழம் இருக்குமுங்க. தலை மட்டும் தேங்காய் கணக்கா.

நான் திரும்பி வந்து பாக்கறேன், நாச்சி குப்புறக் கெடக்கறான். அந்தப் பொண்ணு முதுகுல அமுத்துது, சேறும் தண்ணியுமா வாந்தி எடுக்கறான். அதுவே போன் போட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுச்சு. நானும் சும்மா இல்லை. நூலைச் சுத்தாம விட்டா சிக்காயிரும், அப்பறம் எதுக்கும் ஆகாது. அதைச் சுத்திக்கிட்டே "நாச்சி, என் போன் எங்கடா"ன்னு கேட்டேன். பள்ளத்துக்குள்ள போயிருச்சுங்க. போட்டோவும் அதோட போச்சு. ஒரு போட்டோவாவது அமுக்குனானான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

ஆம்புலன்ஸ்ல கூட ஏறலையாம், அது ஒரு குத்தம். ராடு நீளமுங்க, உள்ள வராது. அதை நாலு துண்டாக் கழட்டித் தொடைச்சு இந்தக் குழாய்ல போட நேரம் ஆகும். அதுக்குள்ள அவங்க கெளம்பிட்டாங்க. அவசரம்.

ஆனா ஆஸ்பத்திரிக்கு மொதல்ல போனது யாரு? நான். அன்னிக்குச் சாயங்காலமே போனேன், ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கிட்டு. நெஞ்சுல சேத்துத் தண்ணி எறங்கி சளி கட்டிருச்சுன்னாங்க. மூஞ்சியில மாஸ்க் மாட்டியிருந்தாங்க. பக்கத்துல உக்காந்து கையைப் புடிச்சுக்கிட்டேன். அப்ப குடுத்தேன் பாருங்க கையை, அதை யாரும் சொல்ல மாட்டாங்க. "நாச்சி, பேசாத. விராலைப் பாத்தியா? பாத்தேன்னா தலையை மட்டும் ஆட்டு"ன்னேன்.

அவன் கண்ணை மூடிக்கிட்டான்.

அது ஆமாங்கற மாதிரியும் இருந்துச்சுங்க.

அவன் சம்சாரம் ருக்குமணி கட்டில் காலடியில நின்னுச்சு. தங்கச்சி மாதிரி எனக்கு. "அண்ணா, இவரு உள்ள விழுந்தப்ப நீங்க எங்கண்ணா இருந்தீங்க?"ன்னு கேட்டுச்சு.

"அங்கயேதாம்மா இருந்தேன். அதைத்தான் நானும் எல்லார்கிட்டயும் சொல்றேன். நான் அங்கதான் இருந்தேன், மீனும் அங்கதான் இருந்துச்சு, இவனும் அங்கதான் இருந்தான். இவன் ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

அது முந்தானையை வாயில வெச்சுக்கிட்டு வெளிய போயிருச்சு. பாவம், பயந்திருக்கும்.

அவன் வீட்டுக்கு வந்து தேறுன பின்னால மன்றத்துல கூட்டம் போட்டாங்க. நான்தான் போடச் சொன்னேன். வருசம் முடியுது, பலகையில எழுதணும் பாருங்க. டாக்டரம்மா கேட்டாங்க, "நாச்சிமுத்து சார், செம்மாண்டாங்குளத்துல அவிநாசியப்பன் சார் விரால் புடிச்சதா சொல்றாரு. நீங்க பாத்தீங்களா?"

நாச்சி எந்திரிச்சான். இளைச்சுப் போயிருந்தான். சட்டைக் காலரைச் சரி பண்ணிக்கிட்டான். எம்பக்கம் பாக்கலை.

"மீனைப் பாக்கலீங்க டாக்டர். அவரு முதுகைத்தான் பாத்தேன். ரொம்ப நேரம் பாத்தேன்"னு சொல்லிட்டு உக்காந்துட்டான்.

கேட்டீங்களா? அவ்வளவுதான் சொன்னான். அரைக்கால் டவுசர் போட்ட நாள்ல இருந்து என்னை அவன் இவன்னு பேசுனவன், அன்னிக்கு அவருன்னான். சரி, சபையில மரியாதை குடுக்கறான்னு அதை நான் பெருசா எடுத்துக்கலை. ஆனா முதுகைப் பாத்தேங்கறானே, முதுகுக்கு ரெண்டு பக்கமும் எடம் இல்லீங்களா? எட்டிப் பாத்திருந்தா மீனு தெரிஞ்சிருக்கும். தண்ணி கழுத்து வரைக்கும்தான இருந்துச்சு, கண்ணு வெளியதான இருந்துச்சு? இதை நான் சபையிலயே கேட்டேன். எல்லாரும் குனிஞ்சு தரையைப் பாத்தாங்க. கேள்வி அப்பிடி. பதில் சொல்ல முடியாது.

டாக்டரம்மா மட்டும் என்னை, பல்லைப் பாக்கற மாதிரி, ஒரு பார்வை பாத்தாங்க. அப்பறம் சொன்னாங்க, "இந்த வருசம் பெரிய மீனுக்குச் சாட்சி இல்லை. ஆனா பெரிய புடிப்புக்கு இருக்கு"ன்னு. என்னடான்னு பாத்தா அந்தச் செல்வநாயகியை வரச் சொல்லியிருக்காங்க. வாசல்ல நின்னுக்கிட்டு இருக்கு, புதுச் சேலை கட்டிக்கிட்டு. அதுக்குக் கேடயமுங்க. பலகையில அது பேரு. செல்வநாயகி, செம்மாண்டாங்குளம், தொரட்டி. அப்பிடியே எழுதிட்டாங்க. எல்லாரும் எந்திரிச்சு நின்னு கைதட்டறாங்க. ருக்குமணி அதைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு அழுகுது. நாச்சியும் அழுதான்.

நான் சும்மா விடுவனா? எந்திரிச்சு நின்னு சட்டம் பேசுனேன். ஒண்ணு, அந்தப் பொண்ணு மெம்பர் இல்லை. ரெண்டு, தொரட்டி மென்தூண்டில்ல சேராது. மூணாவதுதான் முக்கியம். மன்றத்து விதிப்படி புடிச்சதைத் திருப்பித் தண்ணியில விடணும். அது விட்டுச்சா?

அப்ப கைதட்டு நின்னுச்சு பாருங்க. எல்லார் மூஞ்சியும் தொங்கிப் போச்சு. விதின்னா விதிதான, என்ன சொல்லுவாங்க? ஆனா பேரை மட்டும் அழிக்கலை. அன்னிக்கே என்கிட்டருந்து மன்றத்துச் சாவியை வாங்கிக்கிட்டாங்க. வேலை அதிகமா இருக்கு, நீங்க ஓய்வெடுங்கன்னு சொன்னாங்க டாக்டரம்மா.

மறுவாரம் காலையில கதவைத் திறக்கறேன், நான் நாச்சிக்குக் குடுத்த பழைய ராடு கேட்டுல சாத்தி வெச்சிருக்கு. தொடைச்சு, எண்ணெய் போட்டு, உறைக்குள்ள போட்டு வெச்சிருக்கான். ஆளைக் காணோம். சொல்லாம வெச்சுட்டுப் போயிருக்கான். மனசு உறுத்தியிருக்குமுங்க. சாட்சி சொல்லாம போனோமேன்னு. எங்க வீட்டுக்காரி இருக்காளே, அவ என்னடான்னா "போயி அந்த மனுசன் கால்ல விழுந்துட்டு வாங்க"ங்கறா. நான் எதுக்கு விழணும்? விழுந்தது அவன். அவ மட்டும் வாரா வாரம் ருக்குமணியைப் பாத்துட்டு வர்றா, வந்தா எங்கிட்டப் பேசறதில்லை. அப்பறம் காப்பி வைக்கறதையும் நிறுத்திட்டா. சர்க்கரை இருக்கு எனக்கு, அதனால இருக்கும்.

நாச்சியும் நானும் போன மாசம் மருந்துக் கடையில நேருக்கு நேரா பாத்துக்கிட்டோம். நானே போயி, "என்ன நாச்சி, நல்லா இருக்கியா, நெஞ்சு எப்பிடி இருக்கு"ன்னேன். பெரிய மனசோட. பழசை மறந்துட்டேன்னு காட்டணும் பாருங்க. "ரெண்டு முழம்டா அது, நீ மட்டும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா"ன்னேன்.

அவன் சீட்டைக் கடைக்காரர்கிட்ட நீட்டிக்கிட்டே சொன்னான், "அவிநாசியப்பன் சார், நீங்க முன்னால வாங்கிக்கங்க. எனக்கு அவசரமில்லை."

வாங்கிக்கிட்டேன். அவன் எப்பவுமே விட்டுக் குடுக்கறவன்தான், அதைக் கொறை சொல்ல முடியாது.

நீங்க எங்க எறங்கணும்? உடுமலையா? நல்லதாப் போச்சு. நானும் அங்க எறங்கி டவுன் பஸ் புடிச்சு ஒரு ஏரிக்குப் போறேன். மலையடிவாரத்துல, தண்ணி கண்ணாடி மாதிரி. இந்த வருசத்துக் கணக்கு தொடங்கிருச்சு பாருங்க. மன்றத்துல இருந்து ஒருத்தரும் எங்கூட வரமாட்டேங்கறாங்க. ஒருத்தருக்கு மூட்டு வலி, ஒருத்தருக்கு ஒறம்பரை வீட்டு விசேசம், இன்னொருத்தரு போனையே எடுக்கறதில்லை. பரவாயில்லை. டாக்டரம்மா சாட்சி வேணும்னாங்களே தவிர மெம்பராத்தான் இருக்கணும்னு கறாராச் சொல்லலை, இப்பத்தான் அந்தப் பொண்ணையே சேத்தாச்சே.

ஒரு மணி நேரம் எங்கூட வந்தீங்கன்னா போதும். உங்களுக்கு ஒரு வேலையும் இல்லை. சும்மா கரையில நான் சொல்ற எடத்துல நின்னு பாத்தாப் போதும். புது போன் இருக்கு, அதையும் உங்ககிட்டயே குடுத்துர்றேன். நாச்சியோட ராடும் இருக்கு, ஆசையா இருந்தா நீங்களும் வீசிப் பாக்கலாம்.

ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன், தப்பா நெனைக்கப்படாது. உங்களுக்கு நீச்சல் தெரியுமுங்களா? தெரிஞ்சாத்தான் நல்லது. நடுவுல என்னைக் கூப்பிட மாட்டீங்க பாருங்க.